பேட்டரிக்கும் உண்டு நுழைவுத் தேர்வு!

ரிமோட் கார் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? பிறந்த நாளைக்கு வந்து, இரண்டு நாள் ஹாலில் ஓடி, மூன்றாம் நாள் சோபாவுக்கு அடியில் சக்கரம் கழன்று கிடக்கும் பொம்மைதான். அதே ரிமோட் காருக்கு உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. அதற்குச் சர்வதேச சம்மேளனம் இருக்கிறது, விதிப் புத்தகம் இருக்கிறது, நடுவர்கள் இருக்கிறார்கள். பத்து வயதுப் பையனும் ஐம்பது வயது இன்ஜினீயரும் ஒரே மேடையில் தோளோடு தோள் நின்று, கீழே ஓடும் இரண்டு சாண் நீளக் கார்களை விரல் நுனியில் விரட்டுவார்கள்.

இந்தப் போட்டிகளில் ஒரு விசித்திரம் உண்டு. நன்றாக ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. நல்ல கார் இருந்தால் மட்டும் போதாது. காருக்குள் இருக்கும் பேட்டரியின் பெயர் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். எந்த கம்பெனி, எந்த மாடல் என்று பார்ப்பார்கள். பட்டியலில் இல்லையென்றால் 'சாரி' சொல்லிவிடுவார்கள். நேற்று வாங்கிய புத்தம் புது பேட்டரியாக இருந்தாலும் கதை அதேதான்.

ஜல்லிக்கட்டில் வாடிவாசலுக்குள் நுழையும் முன் காளைக்குக் கால்நடை மருத்துவரின் சான்று கேட்பார்கள் அல்லவா? கிட்டத்தட்ட அதே மாதிரி. ஆனால் ஒரு பேட்டரிக்கு ஏன் இத்தனை கெடுபிடி? பணம், வெற்றி, நெருப்பு மூன்றும் சந்திக்கும் இடம் அந்தச் சின்னப் பெட்டிதான் என்பதே பதில்.

வெண்டைக்காய் பொறுக்குவது போல...

அமெரிக்காவில் ரிமோட் கார் போட்டிகளை நடத்தும் 'ரோர்' அமைப்பு 1967-ல் தொடங்கியது. ஐரோப்பாவின் 'எஃப்ரா' 1973-ல் வந்தது. அப்போது பந்தயம் என்றால் பெரும்பாலும் சின்னப் பெட்ரோல் இன்ஜின் போல இரையும் கார்கள்தான். 1976-ல் ஜப்பானின் டமியா நிறுவனம் போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் மின்சாரக் காராக வெளியிட்ட பிறகு, மின்சார ரிமோட் கார் வீடு வீடாகப் பரவ ஆரம்பித்தது.

அன்றைய பேட்டரி நிக்கல்-காட்மியம். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட். ஆறு செல்களை வரிசையாகச் சேர்த்தால் 7.2 வோல்ட். பல ஆண்டுகள் பத்தில் ஒரு பங்கு அளவுக் கார்களுக்கு அதுதான் இதயம்.

ஆனால் அந்த இதயம் பலவீனமானது. நான்கு, ஐந்து நிமிடப் பந்தயத்தையே முழுசாக ஓட்டி முடிக்கத் திணறும். முதல் சுற்றிலிருந்தே வேகமாக விரட்டியவரின் கார் கடைசி நிமிடத்தில் நொண்ட ஆரம்பிக்கும். பின்னால் சிக்கனமாக வந்தவர் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவார். எனவே, யாரிடம் நல்ல செல் இருக்கிறதோ அவரே ராஜா.

நல்ல செல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் செய்த செல்களும் ஒன்றுபோல இருப்பதில்லை. சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துப் பொறுக்குவோமே, அதே வேலையைச் சில கம்பெனிகள் தொழிலாகவே செய்தன. ஆயிரக்கணக்கில் செல்களை மொத்தமாக வாங்குவார்கள். ஒவ்வொன்றையும் எந்திரத்தில் மாட்டி சார்ஜ் ஏற்றி, இறக்கி, எத்தனை நொடி தாங்குகிறது, சராசரி வோல்ட் எவ்வளவு, உள்ளே மின்தடை எவ்வளவு என்று அளப்பார்கள். ஒரே குணமுள்ள ஆறு செல்களை ஜோடி சேர்த்து, மேலே எண்களை அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். எண் உயர உயர விலையும் உயரும்.

அதோடு நிற்கவில்லை. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் பெரும் மின்னோட்டத்தை ஒரே அடியாகச் செல்லுக்குள் பாய்ச்சி, அதன் உள் மின்தடையைக் குறைக்கும் உத்தியும் வந்தது. பேட்டரிக்கு ஷாக் டிரீட்மென்ட்!

பிறகு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்கள் வந்தன. ஒரு செல்லின் கொள்ளளவு 3000 எம்.ஏ.ஹெச்., பிறகு 4000-த்துக்கும் மேல் என்று ஏறிக்கொண்டே போனது. செல்லின் உடம்பு மட்டும் பழைய அளவுதான். அதே டப்பாவுக்குள் மேலும் மேலும் திணித்தால் என்ன ஆகும்? சார்ஜ் ஏறும்போது சில செல்கள் பட்டாசு மாதிரி வெடித்தன. போதாக்குறைக்கு, இந்த விலை உயர்ந்த செல்கள் கொஞ்ச நாளிலேயே வீரியம் இழந்துவிடும். முன்னணியில் நிற்க வேண்டுமானால் அடிக்கடி புது செட் வாங்க வேண்டும். வசதியான வீட்டுப் பையனுக்கு அது ஒரு செலவு. மற்றவனுக்கு அதுவே தடைச் சுவர்.

லித்தியம் கொண்டுவந்த நிம்மதியும் பயமும்

நம் கையில் இருக்கும் போனுக்கு உயிர் கொடுப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-ல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அதன் தம்பிதான் 'லைப்போ' எனப்படும் லித்தியம் பாலிமர். உலோக டப்பாவுக்குப் பதில், மெல்லிய அலுமினியத் தாள் பைக்குள் அடைத்த செல். 2000-களின் பிற்பகுதியில் இது ரிமோட் கார் பந்தயத்துக்குள் நுழைந்தது. ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் என்பதால் இரண்டே செல்களில் 7.4 வோல்ட். பழைய ஆறு செல்களைவிட எடை குறைவு. எவ்வளவு குறைவு என்றால், காருக்கான குறைந்தபட்ச எடை விதியைத் தொடுவதற்காகப் பலரும் ஈயத் தகடுகளை வாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. ஐந்து நிமிடப் பந்தயத்தில் இந்த பேட்டரி நடுவழியில் படுப்பதே இல்லை. சராசரியாக 20 ஆம்பியர் இழுத்தாலும் ஐந்து நிமிடத்துக்குச் செலவாவது சுமார் 1700 எம்.ஏ.ஹெச். மட்டுமே. 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம்.

அதனால் ஒரு நல்லது நடந்தது. பொறுக்கியெடுத்த செல் வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு பேட்டரியை ஒரு சீசன் முழுக்க ஓட்டலாம் என்ற நிலை வந்தது. சாதாரண ஆளின் பர்ஸுக்கு நிம்மதி.

கூடவே பயமும் வந்தது. 7.4 வோல்ட், 6000 எம்.ஏ.ஹெச். பேட்டரி ஒன்றில் சுமார் 44 வாட்-அவர் ஆற்றல் இருக்கிறது. நம் 5000 எம்.ஏ.ஹெச். போன் பேட்டரியில் இருப்பது சுமார் 19 வாட்-அவர். அதாவது இரண்டு போன்களுக்கும் அதிகமான ஆற்றல். போன் அதை ஒரு நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறது. பந்தயக் கார் மடக் மடக்கென்று குடிக்கிறது.

லித்தியம் செல்லுக்குள் இருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான். நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே இருப்பதோ தாளைவிட மெல்லிய ஒரு தடுப்பு. பையில் ஓட்டை விழுந்து அந்தத் தடுப்பு கிழிந்தாலோ, செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டி சார்ஜ் திணித்தாலோ உள்ளே சூடு ஏறும். அந்தச் சூடு வேதிவினையை வேகப்படுத்தும். வினை இன்னும் சூட்டைக் கிளப்பும். ஒரு கட்டத்துக்கு மேல் யாராலும் நிறுத்த முடியாது. முதலில் பை பூரி மாதிரி உப்பும், பிறகு புகை, பிறகு சீறும் தீ.

இப்படிப்பட்ட ஒன்றைத் தூக்கி, மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, சுவரில் மோதி, பல்டி அடிக்கும் காருக்குள் வைக்கப் போகிறோம். அதுவும் நாற்பது, ஐம்பது பேர் ஒரே கூடாரத்துக்குள் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் சார்ஜ் போடும் இடத்தில். அமைப்புகள் ஏன் உஷாரானார்கள் என்பது இப்போது புரியும்.

பட்டியலில் இடம்பிடிப்பது எப்படி?

பேட்டரி தயாரிக்கும் அல்லது தன் பெயரில் விற்கும் கம்பெனி, அமைப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். மாதிரி பேட்டரிகளை அனுப்ப வேண்டும். அங்கே அதை அளப்பார்கள், எடை போடுவார்கள், பிரித்தும் பார்ப்பார்கள். சொன்ன செல்தான் உள்ளே இருக்கிறதா, உறை உறுதியாக இருக்கிறதா, மேலே ஒட்டிய லேபிளில் கம்பெனி பெயர், மாடல், வோல்ட், கொள்ளளவு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, திருப்தி என்றால்தான் பட்டியலில் பெயர் ஏறும். பிரிட்டனின் 'பி.ஆர்.சி.ஏ.' போன்ற அமைப்புகள் ஆண்டுக்கு ஆண்டு பட்டியலைப் புதுப்பித்து வெளியிடுகின்றன.

முக்கியமாக மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள்.

முதலாவது, உறை. அலுமினியப் பையை அப்படியே காரில் வைக்க முடியாது. கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் செல்களை வைத்து மூடியிருக்க வேண்டும். மோதலில் கூரான எதுவும் பையைக் குத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான். தேங்காய்க்கு ஓடு மாதிரி.

இரண்டாவது, அளவு. முழு நீள பேட்டரிக்கு வழக்கமான உச்ச வரம்பு நீளம் 139 மி.மீ., அகலம் 47 மி.மீ., உயரம் 25.1 மி.மீ. இந்த எண்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பழைய ஆறு செல் பேட்டரி காரில் பிடித்த இடம்தான் கிட்டத்தட்ட இது. எல்லாக் கார்களும் அந்த இடத்தை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டிருந்தன. வரம்பு இல்லாவிட்டால் ஒருவர் பெரிசாகச் செய்வார், அதற்கேற்ப இன்னொருவர் காரையே மாற்றுவார், ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள்.

மூன்றாவது, எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ஒரு கம்பெனி தன் டீம் ஓட்டுநருக்கு மட்டும் ரகசியமாக ஸ்பெஷல் பேட்டரி செய்து கொடுத்துவிட்டு, கடையில் வேறொன்றை விற்க முடியாது. சாம்பியன் கையில் இருப்பதுதான் சாதாரண வாடிக்கையாளர் கையிலும் இருக்க வேண்டும். பட்டியலின் உயிரே இந்த விதிதான் என்று சொல்லலாம்.

பெரிய கார் பந்தயங்களிலும் இதே யோசனை உண்டு. மின்சாரக் கார்களுக்கான 'ஃபார்முலா-இ' பந்தயத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே வகை பேட்டரிதான். பேட்டரியில் போட்டி போட ஆரம்பித்தால் செலவுக்கு எல்லை இருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும்.

மேஜையில் ஒரு நிமிடம்

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் விட்டுவிட மாட்டார்கள். பந்தயம் நடக்கும் இடத்தில் ஒரு சோதனை மேஜை இருக்கும். லேபிள் கிழிந்திருக்கிறதா, உறையைப் பிரித்து ஒட்டிய தடயம் இருக்கிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். உப்பிய பேட்டரி அளவுச் சட்டத்துக்குள் நுழையாது, அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிறகு வோல்ட் மீட்டர் வரும். இரண்டு செல் பேட்டரிக்கு முழு சார்ஜ் 8.4 வோல்ட். நடுவர்கள் அனுமதிக்கும் அளவைத் தாண்டினால் அந்தச் சுற்றே ரத்தாகலாம்.

ஒரு புள்ளி வோல்ட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். மோட்டார் சுழலும் வேகம் வோல்ட்டைப் பொறுத்தது. 8.4-க்குப் பதில் 8.5 கிடைத்தால் ஒரு சதவீதத்துக்குச் சற்றே அதிகம். ஆனால் 300 நொடிப் பந்தயத்தில் ஒரு சதவீதம் என்பது மூன்று நொடி. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே பல சமயம் அரை நொடிகூட இருப்பதில்லை. அதிலும் 'ஸ்டாக்' என்ற பிரிவில் எல்லோருக்கும் ஒரே வகை மோட்டார். மோட்டாரில் வித்தியாசம் காட்ட முடியாது என்றால் கை தானாக பேட்டரி பக்கம் போகும்.

செல்லுக்கு 4.35 வோல்ட் வரை சார்ஜ் ஏற்கும் புது வகை லித்தியம் பேட்டரிகளும் இப்போது கடையில் கிடைக்கின்றன. பல போட்டிகளில் அதையும் 4.2-க்கு மேல் ஏற்றக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இன்னொரு தந்திரம், பேட்டரியைச் சூடாக்குவது. வெதுவெதுப்பான பேட்டரியில் உள் மின்தடை குறையும், கார் துள்ளும். ஆனால் ஏற்கெனவே நெருப்புக் குணமுள்ள ஒன்றை ஹீட்டரில் வைத்து விளையாடுவது யாருக்கும் நல்லதல்ல என்பதால் பல இடங்களில் அதற்கும் தடை.

சார்ஜ் போடும் மேஜைக்கும் விதி உண்டு. தீ தாங்கும் பைக்குள் வைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும், லித்தியத்துக்கு உரிய சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும், போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

முணுமுணுப்புகள் இல்லாமலா?

இருக்கிறது. நியாயமான முணுமுணுப்புகளும் உண்டு.

லித்தியம் செல்களைச் செய்யும் தொழிற்சாலைகள் குறைவு, பெரும்பாலும் சீனாவில். பல கம்பெனிகள் அங்கே வாங்கி, தங்கள் ஸ்டிக்கரை ஒட்டி விற்கின்றன. ஒரே செல், ஒரே உறை, ஸ்டிக்கர் மட்டும் வேறு. ஆனாலும் ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் தனி அனுமதி வேண்டும். பட்டியலில் இருக்கும் பேட்டரியின் இரட்டைப் பிறவியைப் பாதி விலைக்கு வாங்கியவர், பெரிய போட்டிக்குப் போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். "உள்ளே இருப்பது ஒன்றுதானே?" என்று அவர் கேட்டால், நடுவரால் பேட்டரியை அங்கேயே அறுத்துப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ரேஷன் கடையில் "நான்தான் அவர் அண்ணன்" என்றால் கார்டு இல்லாமல் அரிசி கிடைக்குமா? அதே நிலைமைதான்.

சின்ன கம்பெனிக்கு வேறு வலி. ஒவ்வொரு மாடலுக்கும் கட்டணம், ஒவ்வொரு நாட்டு அமைப்புக்கும் தனி விண்ணப்பம். பெரிய கம்பெனிக்கு இது சில்லறை. நூறு, இருநூறு பேட்டரி விற்பவருக்கு லாபமே அதில் போய்விடும். பட்டியல் விலையைக் கட்டுப்படுத்துகிறது என்று ஒரு பக்கம் சொன்னாலும், விலை மலிவான சரக்கை வெளியே நிறுத்துவதும் அதே பட்டியல்தான்.

இதற்கு அமைப்புகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. தேசிய, சர்வதேசப் போட்டிகளில் பட்டியலைக் கறாராகப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கிளப் பந்தயங்களில் பல இடங்களில் விட்டுப் பிடிப்பார்கள். கெட்டி உறையும் சரியான அளவும் இருந்தால் புதுப் பையனை ஓட விடுவார்கள். ஆட்டத்துக்கு ஆள் வர வேண்டுமே! ஆனால் தீ தாங்கும் பை, சரியான சார்ஜர் போன்ற பாதுகாப்பு விதிகளில் மட்டும் கிளப்பாக இருந்தாலும் தளர்வு காட்டாமல் இருப்பதே நல்ல வழக்கம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பட்டியலைப் போடச் சொல்லி எந்த அரசும் இவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்த அமைப்புகளைப் பெரும்பாலும் நடத்துவது, வேறு வேலை பார்த்துக்கொண்டே பொழுதுபோக்காக இதில் இறங்கிய தன்னார்வலர்கள். ஜெயிக்கும் ஆசை எந்த எல்லைக்கும் போகும் என்று தெரிந்து, தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கடிவாளம் இது. காற்றாடி விடும் சந்தோஷத்தில் மாஞ்சா நூல் புகுந்து, சாலையில் போனவர்களின் கழுத்தை அறுத்து, கடைசியில் போலீஸ் தடை போட வேண்டியிருந்ததைச் சென்னைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆடுகிறவர்களே முதலில் உட்கார்ந்து ஒரு விதி போட்டிருந்தால்?

பட்டியலால் முடியாதது

அனுமதி பெற்ற பேட்டரி என்றால் தீப்பிடிக்கவே பிடிக்காது என்று அர்த்தமில்லை. சோதனைக்குப் போவது சில மாதிரிகள். கடைக்கு வருவது ஆயிரக்கணக்கில். மாதிரி பாஸ் ஆனதால் ஒவ்வொரு பேட்டரியும் பாஸ் ஆனதாகச் சொல்ல முடியாது.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் 2016-ல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7. வெளிவந்த சில வாரங்களிலேயே சில போன்கள் தீப்பற்றின. திரும்பப் பெற்று, வேறு தயாரிப்பாளரின் பேட்டரி வைத்த போன்களைக் கொடுத்தார்கள். அவற்றிலும் தீ. கடைசியில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். 2017 ஜனவரியில் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு முடிவில், இரண்டு தயாரிப்பாளர்களின் பேட்டரிகளிலும் வெவ்வேறு குறைகள் இருந்தது தெரியவந்தது. பெரிய கம்பெனி, பெரிய ஆய்வுக்கூடம் எல்லாம் இருந்தும் இந்த நிலை.

பட்டியலால் முடியாத இன்னொன்று, லேபிளில் எழுதும் வீர வசனத்தை அடக்குவது. சில பேட்டரிகளில் '100சி' என்று போட்டிருப்பார்கள். கொள்ளளவைப் போல 100 மடங்கு வேகத்தில் மின்சாரம் தரும் என்று பொருள். 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரிக்குக் கணக்குப் போட்டால் 500 ஆம்பியர்! காரில் இருக்கும் வயரும் கனெக்டரும் அதைத் தொடர்ந்து தாங்கவே தாங்காது. அனுபவசாலிகள் அந்த எண்ணைப் பார்த்து வாங்குவதில்லை. உள் மின்தடையை அளந்து பார்த்து வாங்குகிறார்கள்.

அடுத்து, பட்டியல் நம் வீட்டுக்குள் வராது. வாங்கும் நாளில் நல்ல பேட்டரிதான். இரண்டு தடவை கீழே விழுந்து, ஒரு தடவை காரிலேயே மறந்துபோய் முழுக்கக் காலியாகி, உப்ப ஆரம்பித்த பிறகும் 'இன்னும் ஒரு தடவை' என்று சார்ஜ் போட்டால், அங்கே எந்த நடுவரும் இருக்க மாட்டார்.

நம் வீட்டுக்கு என்ன?

நம் வீட்டில் ரேஸ் கார் இல்லாமல் இருக்கலாம். ஆனால் போன், பவர் பேங்க், லேப்டாப், மின் ஸ்கூட்டர் என்று லித்தியம் இல்லாத வீடு இன்று அபூர்வம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் மின் வாகன பேட்டரிகளுக்கான 'ஏ.ஐ.எஸ். 156' விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன.

கையடக்கச் சாதனங்களின் லித்தியம் பேட்டரிகளுக்கும் நம் நாட்டில் ஒரு பட்டியல் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸில் பதிவு செய்திருக்க வேண்டும். பேட்டரி மேல் 'ஐ.எஸ். 16046' என்ற எண்ணும், ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பழைய போனுக்குத் தெருமுனைக் கடையில் பேட்டரி மாற்றும்போது இந்த எண்களைத் தேடிப் பாருங்கள். இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் ஆசையில் அதை விட்டுவிடாதீர்கள்.

லீவுக்குப் பிள்ளை ரிமோட் கார் கேட்கிறானா, கேட்கிறாளா? தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யக் கற்றுத்தரும் அருமையான விளையாட்டு அது. கூடவே பந்தயக்காரர்களின் இந்தப் பழக்கங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

* லைப்போ பேட்டரி உள்ள கார் என்றால் கெட்டி உறை போட்டதாக வாங்குங்கள். சின்னப் பிள்ளை என்றால், கடையில் கிடைக்கும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி கார் போதும். கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான்.

* அந்தந்த வகைக்கு உரிய சார்ஜர் மட்டும். நிக்கல் பேட்டரியின் சார்ஜரை லித்தியத்துக்கு மாட்டவே கூடாது. 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரிக்கு 5 ஆம்பியருக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

* மெத்தை, சோபா, கம்பளம் மேல் வைத்து சார்ஜ் போடாதீர்கள். டைல்ஸ் தரை அல்லது சிமென்ட் திண்ணை நல்லது. வாசலை மறிக்கும் இடம் கூடாது; தீ என்றால் வெளியே ஓடும் வழி அதுதான். தூங்கப் போகும்போது சார்ஜைக் கழற்றிவிடுங்கள்.

* ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆற விடுங்கள். பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால் முழுசாகவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் பாதி சார்ஜில் வையுங்கள்.

* உப்பிய பேட்டரியை அமுக்கவோ, குத்தவோ கூடாது. அதன் ஆட்டம் அதோடு முடிந்தது. குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. வாங்கிய கடையில் கேளுங்கள், அல்லது மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

இதையெல்லாம் பிள்ளையிடமே சொல்லி, சார்ஜ் போடும் முன் பேட்டரியைத் திருப்பிப் பார்க்கும் வேலையை அவர்கள் பொறுப்பில் விடுங்கள். உப்பியிருக்கிறதா, உறை விரிசல் விட்டிருக்கிறதா, வயர் உரிந்திருக்கிறதா என்று மூன்று கேள்விகள்தான். ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரிய போட்டிகளின் நடுவர் மேஜையில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான்.